கூடப் போக ஓர் ஆள்: வாசகர் கேள்வி பதில்

கடந்த இதழின் கடைசிப் பக்கத்தில், பண்டாரவளை பஸ் நிலையத்தில் படுத்திருந்த ஒற்றைக்கால் முன்னாள் சிப்பாய் ஒருவரைப் பற்றிப் பத்து வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருக்கின்றன. சமையல் குறிப்பு, பிள்ளைகளின் படிப்பு, மாமியார் பிரச்சினை எல்லாம் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். இந்த மாதம் முழுக்க இதுதான். ஊவாவிலும் நுவரெலியாவிலும் 26 வருடம் சமூக சேவை உத்தியோகத்தராக இருந்தவள் நான். தெரிந்ததைச் சொல்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

வெலிமடை வாசகர்: மிஸ், அந்த பஸ் நிலைய மனிதருக்கு அப்புறம் என்ன ஆயிற்று? அதைச் சொல்லாமலே முடித்துவிட்டீர்களே.

இருக்கிறார், நன்றாகவே இருக்கிறார். போன மாதம் இடம் போதவில்லை, அதனால்தான் நிறுத்தினேன்.

2016 மழைக்காலம். பதுளைக்குப் போக முதல் பஸ்ஸைப் பிடிக்க விடியற்காலை வந்திருந்தேன். நேரக்காப்பாளர் அறையின் தாழ்வாரத்தில் உரச்சாக்கை விரித்து ஒருவர் உட்கார்ந்திருந்தார். பண்டாரவளைக் குளிர் உங்களுக்குத் தெரியும். கையில் தேத்தண்ணிக் கோப்பை. குடிக்கவில்லை, கன்னத்தில் வைத்துச் சூடு பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் செயற்கைக் கால் கழற்றி வைத்திருந்தது. அதன் வாய்க்குள் பழைய துணி திணித்திருந்தது. கால் மெலிந்துவிட்டதால் பிடிக்கவில்லையாம். "அம்மா, ஹப்புத்தளை பஸ் போயிடுச்சா?" என்று யாரையோ கேட்டார். நம் தோட்டத்துத் தமிழ். அதனால்தான் திரும்பிப் பார்த்தேன்.

தாய் கொழுந்து பறித்தவர். தகப்பன் கீழ் கிராமத்துச் சிங்களவர். 1993 இல் ஆமியில் சேர்ந்தார், 2006 இல் வடக்கே மிதிவெடியில் கால் போனது. பென்சன் கிடைத்திருக்கிறது, சில வருடம் வந்தும் இருக்கிறது. பிறகு நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று அவருக்கே தெரியாது.

தம்பி வீட்டில்தான் இருந்தார். வீடு என்றால் லயத்தில் ஒரே அறை, ஒரு காம்பரா. ஆறு பேர். தோட்டத்தில் பேர் பதிந்தது தம்பியின் மனைவிக்கு. போ என்று யாரும் சொல்லவில்லை. இரவில் கெட்ட கனவு வந்து கத்துவாராம், குழந்தைகள் பயந்து அழுமாம். ஒருநாள் காலையில் இவராகவே இறங்கி வந்துவிட்டார்.

கடதாசி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். சட்டைக்குள் இருந்து பால்மாப் பை ஒன்றை எடுத்தார். அதன் உள்பக்கம் வெள்ளித்தாள் அல்லவா, தண்ணீர் புகாது. வாயை மடித்து இறப்பர் பட்டி போட்டிருந்தார். உள்ளே நாலாக மடித்த விடுவிப்புக் கடிதம், மடிப்பெல்லாம் பழுப்பு. ஒரு வங்கிப் புத்தகம். தாயின் படம். நான் பிரித்து வாசிப்பதற்கு முன்பே தன் படை இலக்கத்தை ஒரு மூச்சில் ஒப்பித்தார். வீடில்லாமல் திரிந்த காலம் முழுக்க அந்தப் பையை நனையவிடவில்லை.

விசாரித்தபோது காரணம் தெரிந்தது. பென்சன் வாங்குகிற எல்லோரும் வருடா வருடம் உயிரோடிருக்கிறோம் என்று சான்றிதழ் கொடுக்க வேண்டும். அதில் கிராம உத்தியோகத்தர் கையெழுத்து வைப்பார். எந்தக் கிராம உத்தியோகத்தர்? நீங்கள் குடியிருக்கும் பிரிவுக்குரியவர். பஸ் நிலையத்தில் படுப்பவர் எந்தப் பிரிவு? தோட்டத்துப் பிரிவில் கேட்டால் "அவர் இங்கே இல்லை", டவுன் பிரிவில் கேட்டால் "அவர் இங்கே பதிவில்லை". ஆள் முன்னால் நிற்கிறார், மூச்சு விடுகிறார், உயிரோடிருக்கிறார் என்று எழுத ஒருவரும் இல்லை. எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

சரி, முதலில் முகவரி வேண்டும். பஸ் நிலையத்துக்குப் பின்னால் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணர் (நானா என்றே கூப்பிடுவோம்), மா மூட்டை அடுக்கும் அறையைக் காலி செய்து கொடுத்தார். வாடகை கேட்கவில்லை. முதல் இரண்டு கிழமையும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இவர் படுத்தார். மூடினால் மூச்சு முட்டுகிறதாம். மூன்றாம் கிழமை ஒருநாள் கதவு மூடியிருந்தது என்று நானா போன் பண்ணிச் சொன்னார். அன்று நான் அழுதேன்.

முகவரி வந்த பிறகு கிராம உத்தியோகத்தர் கையெழுத்து வைத்தார். அப்புறமும் ஏழு நடை. ஒரு கந்தோரில் கோப்பு இல்லை என்றார்கள், வேறொன்றில் அடுத்த செவ்வாய் வா என்றார்கள். ஒருநாள் ஒரு பிழையான அறைக்கு வெளியே நாலு மணிநேரம் நின்றோம். அவர் தனியாக வந்திருந்தால் இரண்டாவது நடையோடு விட்டிருப்பார். அவரே அப்படித்தான் சொன்னார்: "மிஸ், சண்டைக்குப் போகப் பயமில்லை, கவுண்டருக்குப் போகத்தான் பயம்." பதினான்கு மாதம் கழித்து நிலுவையோடு பென்சன் வந்தது. காலும் மாற்றினோம். கொழும்பு பிரண்ட் இன் நீட் சொசைட்டி என்பது 1831 இல் தொடங்கிய சங்கம், ஜெய்ப்பூர் கால் செய்து பொருத்துகிறார்கள். இப்போது அவர் நானாவின் கடை வாசலில் குடை தைக்கிறார், பைகளுக்கு ஜிப் மாற்றிக் கொடுக்கிறார். பண்டாரவளையில் குடை தைக்கிறவருக்கு வேலை குறையுமா? அந்த அறைக்கு வாடகையும் கொடுக்கிறார்.

ஹட்டன் வாசகர்: 83 இல் எங்கள் கடையை எரித்தபோது வேடிக்கை பார்த்து நின்றவர்களும் சீருடைக்காரர்தான். வடக்கில் நம் சனத்துக்கு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாதா? அவர்களுக்காக நாம் ஏன் அலைய வேண்டும்?

தெரியும். 83 ஜூலையில் எனக்குப் பதினாறு வயது. மூன்று இரவு தேயிலைச் செடிக்குள் படுத்திருந்தோம். தங்கை இருமக்கூடாது என்று அம்மா முந்தானையை அவள் வாயில் வைத்திருந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. 77, 81, 83 கலவரங்களில் மூன்று முறை அடி வாங்கிய சனம் நாம். உங்கள் கோபத்தைக் கீழே வைக்கச் சொல்லும் உரிமை எனக்கில்லை. குற்றம் செய்தவர் யாராக இருந்தாலும் விசாரிக்கப்பட வேண்டும் என்பதில் நான் உங்களோடு நிற்கிறேன். பஸ் நிலையத்தில் ஒருவருக்குப் படுக்க இடம் கொடுத்ததால் அந்தக் கணக்கு தீர்ந்துவிடாது. இடம் கொடுக்காமல் விட்டாலும் தீராது.

நான் ஏன் அலைந்தேன் என்று கேட்டீர்கள். அதற்குப் பதில் நம் லயத்திலேயே இருக்கிறது. தோட்டத்தில் வேலை இருக்கும் வரைதான் காம்பரா. பேர் வெட்டினால் கூரையும் போகும் என்ற பயத்தில் நம் தாத்தா பாட்டி காய்ச்சலோடு, காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் போனார்கள். ஆமிக்காரனுக்கும் அதே கதைதான். பதினெட்டு வயதில் போகிறான், கட்டில் அவர்களது, சாப்பாடு அவர்களது, சப்பாத்து அவர்களது. சீருடையைக் கழற்றிக் கொடுக்கும் நாளில் இவை எல்லாம் ஒன்றாகப் போகின்றன. ஊரில் அவன் பங்குக் காணியை அண்ணன் தம்பி பிரித்திருப்பார்கள். வேலையோடு கூரையையும் சேர்த்துக் கட்டினால் மனிதனுக்கு என்ன ஆகும் என்பது நமக்குத் தெரிந்த அளவுக்கு இந்த நாட்டில் வேறு யாருக்கும் தெரியாது.

இன்னொன்று, கடதாசி. 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து நம்மை நாடற்றவர் ஆக்கியது. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வந்துதான் மிச்சமிருந்தவர்களுக்கும் அது தீர்ந்தது. இடையில் ஐம்பத்தைந்து வருடம். ஒரு தாள் இல்லாததால் உயிருள்ள மனிதனை இல்லை என்று சொல்வது எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அந்தப் பால்மாப் பையைப் பார்த்தபோது எனக்கு என் பாட்டியின் தகரப் பெட்டிதான் ஞாபகம் வந்தது. உங்களுக்கு வராமல் இருக்கலாம். நான் அதைப் பிழை சொல்லமாட்டேன்.

கண்டி, பல்கலைக்கழக மாணவி: அமெரிக்கா போன்ற பணக்கார நாட்டிலும் பழைய படைவீரர்கள் தெருவில் படுக்கிறார்கள் என்று வாசித்தேன். அங்கே என்ன செய்கிறார்கள்? நமக்குப் பயன்படுமா?

நல்ல கேள்வி, மகள். அங்கே ஒவ்வொரு ஜனவரியிலும் ஓர் இரவு தெருத்தெருவாகப் போய் வீடற்றவர்களை எண்ணுகிறார்கள். 2010 இல் எண்ணியபோது முன்னாள் படைவீரர் மட்டும் சுமார் 74,000 பேர். 2024 இல் 32,882. பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. இன்னும் முப்பத்திரண்டாயிரம் பேர் இருக்கிறார்கள் என்பது வெட்கக்கேடுதான், ஆனாலும் எப்படிக் குறைந்தது என்று பார்ப்பது நமக்கு உதவும்.

முன்பெல்லாம் குடியை நிறுத்து, மருந்தைக் குடி, வேலை தேடு, அப்புறம் வீடு பார்க்கலாம் என்றார்கள். பிறகு அதைத் தலைகீழாக மாற்றினார்கள். முதலில் வீட்டுச் சாவியைக் கொடு, மற்றதை வீட்டுக்குள் இருந்துகொண்டு பார்க்கலாம் என்றார்கள். வீட்டுவசதித் திணைக்களமும் முன்னாள் படைவீரர் திணைக்களமும் சேர்ந்து நடத்தும் திட்டத்தில் அவர் தன் வருமானத்தில் ஏறத்தாழ 30 வீதம் வாடகை கொடுத்தால் போதும், மிச்சத்தை அரசு கட்டும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. வீட்டோடு ஓர் ஆளையும் தருகிறார்கள். அந்த உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து பார்ப்பார், ஆஸ்பத்திரிக்கு வழி செய்வார், படிவம் நிரப்ப உதவுவார், வீட்டுக்காரரோடு சண்டை வந்தால் பேசித் தீர்ப்பார். வீட்டை மட்டும் கொடுத்துவிட்டுப் போனால் ஆறு மாதத்தில் அவர் மறுபடி தெருவில் நிற்கலாம்.

இதெல்லாம் அரசாங்கம் தானாகக் கொடுத்ததும் அல்ல. 1932 இல், முதலாம் உலகப்போரில் சண்டை போட்டவர்கள் தங்களுக்குச் சேர வேண்டிய பணத்தைக் கேட்டு வாஷிங்டனில் குடிசை போட்டு உட்கார்ந்தார்கள். ஜூலை 28 அன்று அவர்கள் நாட்டு இராணுவமே அவர்களை விரட்டியது, குடிசைகள் எரிந்தன. பணம் 1936 இல்தான் வந்தது. அந்த அவமானம் மறக்காததும் ஒரு காரணமாக, 1944 இல் திரும்பி வரும் படைவீரருக்குப் படிப்பும் வீட்டுக் கடனும் தரும் சட்டம் வந்தது. பிறகு வியட்நாம் போர். அதிலிருந்து திரும்பியவர்களே 1988 இல் சான் டியாகோ நகரில் கூடாரம் அடித்து, தெருவில் இருந்த தங்கள் கூட்டாளிகளை மூன்று நாள் கூப்பிட்டு வைத்துக்கொண்டார்கள். குளிக்க இடம், சாப்பாடு, உடுப்பு, வைத்தியர், சட்டத்தரணி எல்லாம் ஒரே மைதானத்தில். அடுத்த வருடம் அங்கேயே நீதிமன்றமும் வந்து உட்கார்ந்து சின்னச் சின்ன வழக்குகளைத் தீர்த்தது. பத்துக் கந்தோருக்குப் போக முடியாதவனிடம் பத்துக் கந்தோரும் வந்தன. நம் நடமாடும் சேவை மாதிரிதான். பதுளையிலோ நுவரெலியாவிலோ வருடத்தில் ஒரு முறை முன்னாள் படைவீரருக்கென்று இப்படி ஒரு நாள் வைத்தால் எவ்வளவு அலைச்சல் மிச்சமாகும்!

கடதாசி தொலைவதும் அங்கே உண்டு. 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் நகரில் ஆவணக் காப்பகம் எரிந்து 16 முதல் 18 மில்லியன் படைவீரர் கோப்புகள் சாம்பலாயின. அதற்காக உங்களுக்கு ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிடவில்லை. சம்பளப் பதிவு, ஆஸ்பத்திரிப் பதிவு என்று மற்ற இடங்களில் கிடந்ததைத் திரட்டி மறுபடி கோப்பு கட்டினார்கள். கோப்பு இல்லை என்று ஒரு கந்தோர் சொன்னால் அதோடு வீட்டுக்கு வந்துவிடக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஊர் போடாத கடிதம்: என் கணவர் ஆமியில் ஏழு வருடம் இருந்துவிட்டுச் சொல்லாமல் வந்தவர். நல்ல வேலைக்குப் போக முடியாது, பொலிஸைக் கண்டால் ஒளிகிறார், குடிக்கிறார். நானும் இரண்டு பிள்ளைகளும் என்ன செய்வது?

தங்கச்சி, உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். முகவரி போடாமல் விட்டதும் பயத்தில்தான் என்று புரிகிறது.

சொல்லாமல் வருவது இராணுவச் சட்டப்படி குற்றம், அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. அவ்வப்போது பொதுமன்னிப்புக் காலம் அறிவிப்பார்கள். அப்போது போனால் முறைப்படி விலகிய கடிதம் கிடைக்கும். 2024 ஏப்ரல், மே மாதங்களில் அப்படி ஒன்று வந்தது, ஆயிரக்கணக்கானோர் போய்ச் சரிசெய்துகொண்டார்கள். அதை விட்டுவிட்டீர்கள். 2025 இல் தேடிப் பிடிப்பதும் தொடங்கியது. அதனால் யாரோ சொன்னார்கள் என்று நேரே முகாமுக்குப் போகாதீர்கள், பொலிசுக்கும் போகாதீர்கள். முதலில் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1978 இல் சட்டம் போட்டு அமைத்தது, வசதி இல்லாதவர்களுக்கு இலவசமாகச் சட்டத்தரணி தருவார்கள். நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் அவர்களுடைய நிலையம் இருக்கும். முதல் தடவை நீங்கள் மட்டும் போனாலும் போதும். கணவரின் பெயரைச் சொல்லாமல் நிலைமையைச் சொல்லி ஆலோசனை கேட்கலாம்.

குடியைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் இரவில் தூங்குகிறாரா என்று பாருங்கள். சண்டையைப் பார்த்துவிட்டு வந்த பலர் தூக்கத்துக்காகத்தான் குடிக்கத் தொடங்குகிறார்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் பேசலாம். உங்களுக்காகவும் பேசலாம், அவருக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். அவர் அடித்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். சண்டைக்குப் போய் வந்தவர் என்பதற்காக அடி வாங்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அப்புறம், அஸ்வெசும கொடுப்பனவுக்கு உங்கள் பெயரில் விண்ணப்பிக்கத் தயங்காதீர்கள். அது குடும்பத்தின் வறுமையைப் பார்த்துக் கொடுப்பது. பிள்ளைகள் ஒரு குற்றமும் செய்யவில்லை.

பதுளை, ஓய்வுபெற்ற ஆசிரியர்: போரில் இறந்தவர்களை நினைக்கும் நாளான நவம்பர் 11 இல் சட்டையில் குத்தும் பொப்பிப் பூவின் காசு யாருக்குப் போகிறது? எங்கள் காலத்தில் பாடசாலையிலும் விற்றார்கள்.

ஐயா, இந்தக் கேள்வி நூறு வருடப் பழையது. வெள்ளைக்காரன் காலத்தில் பொப்பிப் பூ விற்ற காசில் பெரும்பகுதி பிரித்தானியப் படைவீரர்களுக்கே போனது. நம் ஆட்களுக்குக் கிடைத்தது சொற்பம். முதலாம் போரிலிருந்து திரும்பிய இலங்கையர் கேட்டுப் பார்த்தும் பயனில்லாமல் போகவே, அதே நாளில் சூரிய மல் விற்கத் தொடங்கினார்கள். சூரிய மல் என்றால் வேறொன்றும் இல்லை, நம் பூவரசம் பூ. தொடங்கியபோது நோக்கம் வறுமையில் வாடிய உள்நாட்டுப் படைவீரர்களுக்கு உதவுவது. 1933 இலிருந்து இளைஞர் கழகத்தினர் கையில் எடுத்து அதை ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாக்கினார்கள். 1934, 35 இல் மலேரியா வந்து சனம் கூட்டங்கூட்டமாகச் செத்தபோது அதே ஆட்கள்தான் மருந்தும் சாப்பாடும் தூக்கிக்கொண்டு கிராமத்துக்கு ஓடினார்கள். இன்று பொப்பி வாங்குகிறவர்கள் வாங்கட்டும். எனக்குப் பூவரசம் பூவைக் கண்டால் இந்தக் கதைதான் ஞாபகம் வரும்.

தலவாக்கலை, ஒரு மகள்: அப்பாவுக்கு 61 வயது. ஆமியில் பீரங்கிப் பிரிவில் 14 வருடம் இருந்தார், ஒரு காது கேட்காது. பிறகு ஹோட்டல் ஒன்றில் 11 வருடம் செக்குரிட்டி. போன வருடம் நிறுத்திவிட்டார்கள். பென்சன் இல்லை, ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கட்டவே இல்லை என்கிறார்கள். எங்கள் காம்பராவில் திரை கட்டி இருக்கிறார். எதுவும் கேட்டால் "விடு பிள்ளை" என்கிறார். அவருக்கு எதுவுமே கிடையாதா?

"விடு பிள்ளை" என்ற வார்த்தையை 26 வருடம் கேட்டிருக்கிறேன். கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் இவர்கள். அதனால் நீங்கள்தான் கேட்க வேண்டும்.

முதலில் ஈபிஎஃப். இதுதான் கையில் கிடைக்கக்கூடிய பெரிய தொகை. 1958 ஆம் ஆண்டுச் சட்டப்படி முதலாளி 12 வீதமும் தொழிலாளி 8 வீதமும் கட்ட வேண்டும். ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) என்று முதலாளி தனியாக இன்னும் 3 வீதம் கட்ட வேண்டும். கட்டவில்லை என்று அவர்கள் வாயால் சொன்னால் அது அவர்கள் செய்த குற்றம், அப்பாவின் நட்டம் என்று விட்டுவிடுவதற்கில்லை. தொழில் திணைக்களக் கந்தோரில் முறைப்பாடு எழுதிக் கொடுங்கள். விசாரித்து, தேவைப்பட்டால் வழக்குப் போட்டு, தண்டப்பணத்தோடு அறவிடுவார்கள். அப்பா 55 தாண்டியவர், வரும் பணத்தை முழுதாகவே எடுக்கலாம். 11 வருடம் அங்கே வேலை செய்தார் என்று காட்ட ஏதாவது வேண்டும். சம்பளத் துண்டு இல்லை என்பீர்கள். சரி, ஹோட்டல் பெயர் போட்ட சீருடை இருக்கிறதா? வாசலில் நின்று எடுத்த படம்? அவர் கையெழுத்துப் போட்ட வருகைப் புத்தகத்தின் படம்? சம்பளம் வங்கிக்கு வந்ததா? கூட வேலை செய்த இரண்டு பேர் எழுதித் தருவார்களா? தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோன பையைக்கூடத் தேடிப் பாருங்கள், அடையாள அட்டை அதற்குள் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது ஆமி. சாதாரண சிப்பாய்க்கு 22 வருடச் சேவை இருந்தால்தான் வழக்கமான பென்சன். 14 வருடத்தோடு விலகியவருக்கு அது இல்லை என்று சொல்லியிருப்பார்கள். ஆனால் காது? பீரங்கிக்குப் பக்கத்தில் 14 வருடம் நின்றவரின் காது வீட்டில் இருந்து கெடவில்லை. விலகும்போது மருத்துவச் சபைக்கு அனுப்பினார்களா, அங்கே காதைப் பற்றி எழுதினார்களா என்று தெரிய வேண்டும். இதற்குத்தான் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கம். அப்பாவின் கையெழுத்தோடு, இராணுவத்தின் தகவல் அதிகாரிக்கு, படை இலக்கத்தைப் போட்டு மூன்றே கேள்வி எழுதுங்கள்: என் சேவைக் காலம் எவ்வளவு, விலகும்போது எனக்கு உரித்தாக இருந்த கொடுப்பனவுகள் எவை, அவற்றில் எவை கொடுக்கப்பட்டன. மருத்துவ அறிக்கையின் பிரதியும் கேளுங்கள். தருவார்களா இல்லையா என்பதை 14 வேலைநாளுக்குள் முடிவு செய்ய வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. தமிழிலேயே எழுதலாம். பதில் சிங்களத்தில் மட்டும் வந்தால் தமிழிலும் கேளுங்கள், தமிழும் அரசகரும மொழிதான். அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும் முறைப்பாடு செய்யலாம்.

இதற்கிடையே நுவரெலியா ஆஸ்பத்திரியில் காது வைத்தியரிடம் காட்டி அறிக்கை வாங்கி வையுங்கள். ரணவிரு சேவை அதிகாரசபை என்று 1999 இல் சட்டம் போட்டு அமைத்த ஒன்று இருக்கிறது. காயப்பட்ட, ஊனமுற்ற படையினருக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் உரியது. மாவட்டச் செயலகத்தில் விசாரித்து அப்பாவின் பெயரை அங்கே பதியுங்கள். தமிழ்ப் பெயரைப் பார்த்து யாராவது ஆச்சரியப்பட்டால் படை இலக்கத்தைச் சொல்லுங்கள், போதும். அறுபது தாண்டியதால் முதியோர் அடையாள அட்டையும் எடுக்கலாம், பிரதேச செயலகத்தில் அரை நாள் வேலை.

எல்லாக் கடிதத்தையும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பற்றுச்சீட்டை ஒரு கொப்பியில் ஒட்டித் திகதி எழுதுங்கள். கந்தோருக்குப் போகும் நாளில் யாரைச் சந்தித்தீர்கள், என்ன சொன்னார் என்று அன்றே எழுதுங்கள். "போன மாதம் பன்னிரண்டாம் திகதி நீங்கள்தானே இப்படிச் சொன்னீர்கள்" என்று கொப்பியைப் பார்த்துச் சொன்னால் அந்தக் கந்தோரில் அப்புறம் உங்களை அலைக்கழிக்க மாட்டார்கள்.

நானுஓயா, இளைஞர் கழகம்: நாங்கள் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். இப்படிப்பட்டவர்களுக்கு உலர் உணவுப் பொதி கொடுக்க யோசிக்கிறோம். யாருக்குக் கொடுக்கலாம்?

தம்பிமாரே, பொதிக்குச் சேர்த்த காசை வைத்திருங்கள். அரிசியும் பருப்பும் இரண்டு கிழமையில் முடிந்துவிடும். அதே காசில் ஒருவருக்குப் பத்து நடை பஸ் செலவும் போட்டோ பிரதிச் செலவும் கொடுக்கலாம். உங்களில் சிங்களம் நன்றாகப் பேசுகிறவர் யார்? படிவம் நிரப்பத் தெரிந்தவர் யார்? ஒரு கிழமையில் அரை நாள் லீவு போடக்கூடியவர் யார்? அவர்கள்தான் எனக்கு வேண்டும்.

மேலே தலவாக்கலை மகளின் கடிதத்தை வாசித்திருப்பீர்கள். உங்கள் ஊரிலிருந்து தூரமில்லை. அவருக்கு நேற்றுப் போன் பண்ணினேன். வரும் மாதத்தின் முதல் புதன்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு தொழில் திணைக்களத்துக்கு வரச் சம்மதித்திருக்கிறார். அப்பா மட்டும் இன்னும் "பார்க்கலாம்" என்கிறாராம். இரண்டு பேர் காலை ஏழரைக்குத் தலவாக்கலை பஸ் நிலையத்துக்கு வாருங்கள். நானும் வருகிறேன். அவருக்கு இடது காது கேட்காது, வலது பக்கம் நின்று பேசுங்கள்.